பதினோராவது மாஸ்க்

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் மரக்காணத்துக்குப் போனது ஒரு பிணத்துக்காக.

பதற வேண்டாம், காகிதப் பிணம்தான். 2006 மே மாதம். வாரப் பத்திரிகையில் என் புதுத் தொடர் ஆரம்பிக்க வேண்டும். முதல் காட்சி: மழைக்கு முன்னால் பனையோலை போட்டு மூடிய உப்புக் குவியலைப் பிரிக்கிறார்கள். உள்ளே ஒரு கை தெரிகிறது. கையிலிருந்த சரக்கு அவ்வளவுதான். உப்புக்குள் கிடந்த உடம்பு ஒரு மழைக்காலம் கழித்து எப்படி இருக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டேன்.

உப்பளம் வைத்திருக்கும் சக்கரபாணி என்பவரிடம் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பொணத்த உப்புல பொதைச்சா என்னா ஆவும்னு ஒரு ஆளு மெனக்கெட்டு மெட்ராஸ்லேர்ந்து வந்து கேக்கறாரு. இவர போலீசுல சொல்லணுமா, இல்ல டீ வாங்கித் தரணுமா? நீங்களே சொல்லுங்க சார்."

டீ வாங்கித் தந்தார். குடித்துவிட்டு வந்து உதைத்தால் ஸ்கூட்டர் கிளம்பவில்லை.

"நம்ம கலியமூர்த்திகிட்ட தள்ளிகினு போங்க. எஞ்சினுன்னு பேரு வெச்சது எதுவா இருந்தாலும் பாப்பான்."

கலியமூர்த்தியின் பட்டறை, உப்பளங்களுக்குத் தண்ணீர் இறைக்கும் டீசல் பம்புகளைப் பழுதுபார்க்கும் இடம். உள்ளே நுழைந்தேன். சுவரிலிருந்து பத்து முகங்கள் என்னைப் பார்த்தன.

முகம் என்றால் மூக்கிலிருந்து தாடை வரைக்கும் மட்டும். ரப்பர் முகங்கள். ஒவ்வொன்றின் கீழும் யானைக்குட்டியின் துதிக்கை போல நெளிநெளியான ஒரு குழாய் தொங்கியது. போர் விமானிகள் உயரத்தில் பறக்கும்போது ஆக்சிஜனுக்காக மாட்டிக்கொள்ளும் மாஸ்க்குகள். எல்லாம் அறுதப் பழசு. ஒன்று பச்சை. ஒன்று ரஷ்ய சாம்பல் நிறம். ஒன்று வெறும் துணி, உள்பக்கம் மெத்தென்ற தோல் வைத்துத் தைத்தது.

மாஸ்க் பத்து, ஆணி பதினொன்று. பதினோராவது ஆணியில் விமானி அணியும் தோல் தொப்பி ஒன்று தனியாகத் தொங்கியது. அதிலிருந்து ஒரு கறுப்பு வயர் கிளம்பி, சுவரோரமாக ஓடி, பின்பக்க ஜன்னல் வழியாக வெளியே போயிருந்தது.

(வயரை மறந்துவிடாதீர்கள். நானே நடுவில் மறந்தாலும் நீங்கள் ஞாபகப்படுத்த வேண்டும்.)

பிளக்கைக் கழற்றிச் சுத்தம் பண்ணிக்கொண்டே கலியமூர்த்தி சொன்ன கதைதான் இது. பிணம் உப்பிலேயே கிடக்கட்டும்.

2

ஆரம்பம் ஒன்று: 'முப்பதாயிரம் அடி உயரத்தில் அந்த விமானியின் மாஸ்க்கில் காற்று நின்றபோது—'

ஆரம்பம் இரண்டு: 'இறந்துபோன விமானிகளின் கடைசி மூச்சு மரக்காணத்தில் ஒரு பட்டறைச் சுவரில்—'

இரண்டாவதை நான் கலியமூர்த்தியிடமே சொல்லிப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார்.

"எந்தப் பைலட்டும் சாவலைங்க. மாஸ்க்கு பழசாயிடுச்சின்னு கழட்டிக் குடுத்துட்டு, வூட்டுக்குப் போயி குளிச்சிட்டு சோறு துன்னிருப்பாங்க. செத்தவங்க மாஸ்க்கு எப்படிங்க சந்தைக்கு வரும்?"

வாரம் ஒரு கொலை செய்து பிழைப்பவனுக்கு இது தோன்றவே இல்லை. இரண்டு ஆரம்பங்களையும் கிழித்தேன்.

ஆரம்பம் மூன்று. பாண்டிச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கலியமூர்த்தி ஒரு குழாய் வாங்கப் போனான்.

(நேரில் 'அவர்'தான். கதைக்குள் வந்துவிட்டதால் 'அவன்'. நாற்பத்தேழு வயது, கல்யாணமாகாதவன். தங்கைகளுக்கு முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது தன்னுடைய முறை தாண்டிப் போயிருந்தது. அவனுக்கு அதில் பெரிய புகார் ஒன்றும் இல்லை, 2004 டிசம்பர் வரைக்கும்.)

பழைய சாமான் குவியலுக்குள்ளிருந்து நல்ல ரப்பர் குழாய் ஒன்று எட்டிப் பார்த்தது. பம்புக்கு ஆகும் என்று பிடித்து இழுத்தான். மறுமுனையில் ஒரு மூஞ்சி வந்தது.

"ஏரோப்ளேன் ஓட்றவன் மாட்றது. குழாய மட்டும் அறுத்துத் தர மாட்டேன். மூஞ்சியோட எடுத்துக்க" என்றான் கடைக்காரன்.

பட்டறைக்குக் கொண்டுவந்து, கத்தியை எடுத்து, அறுப்பதற்கு முன் சும்மா முகத்தில் வைத்துப் பார்த்தான். மூச்சை இழுத்தான். உள்ளே ஒரு சின்ன மூடி 'டப்' என்று திறந்தது. விட்டான். அது மூடிக்கொண்டு இன்னொன்று திறந்தது. தண்ணீர் உள்ளே வர ஒரு வால்வு, வெளியே போக ஒரு வால்வு. அவன் தினமும் கழற்றி மாட்டுகிற பம்பேதான். ஆனால் இதை ஓட்ட டீசல் வேண்டாம். ஒரு ஆள் உயிரோடு இருந்தால் போதும்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டான்.

அடுத்து அவன் செய்தது மரக்காணத்துக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. கெடாமல் இருக்கட்டும் என்று மாஸ்க்கை உப்பில் போட்டு வைத்தான். மீன் கெடுவதில்லை, மாங்காய் கெடுவதில்லை, நார்த்தங்காய் கெடுவதில்லை. ரப்பர் மட்டும் எப்படிக் கெடும்? ஒரு பானையில் அடியில் உப்பு, நடுவில் மாஸ்க், மேலே உப்பு. வாயைத் துணியால் கட்டி மூலையில் வைத்தான். மழைக்காலம் கழித்துத் திறந்தால் பித்தளைக் கொக்கிகள் எல்லாம் பச்சையாகப் பூத்து, தொட்டதும் உதிர்ந்தன.

குயிலாப்பாளையத்தில் தங்கியிருந்த ஒரு வயதான வெள்ளைக்காரர், மோட்டார் ரிப்பேருக்காக வந்தவர், இந்தக் கதையைக் கேட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு சுதேசத்துக்குத் திரும்பும்போது ஒரு பையைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே அவருடைய அப்பாவின் மாஸ்க்கும் தோல் தொப்பியும். மாஸ்க்கின் வாய்க்கு நேரே பேசுவதற்கு ஒரு மைக் இருந்தது. தொப்பியின் காதுகளில் கேட்பதற்கு இரண்டு வட்டத் தகடுகள். அந்த அப்பாவும் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றவர்தான்.

அதன்பின் வரிசையாகச் சேர்ந்தன. புதுப்பேட்டைப் பழைய இரும்புக் கடைகளில் ஒன்று, தாம்பரத்தில் ஒரு வீட்டுப் பரணில் ஒன்று. எது வந்தாலும் அவன் செய்கிற காரியம் ஒன்றே. சைக்கிள் கடையில் டியூப்புக்குப் போடும் வெள்ளைப் பவுடரை உள்ளே தூவுவான், ரப்பர் ஒட்டாமலிருக்க. அப்புறம் முகத்தில் மாட்டி நன்றாக மூச்சை இழுத்து விடுவான். உப்பளத்தில் புது உப்பை நாக்கில் வைத்துப் பார்க்காமல் யாரும் லாரியில் ஏற்றுவதில்லை. அது மாதிரி, மூச்சு விட்டுப் பார்க்காத மாஸ்க் அவன் சுவரில் ஏறாது. அவ்வப்போது எல்லாவற்றையும் இறக்கி மறுபடி பவுடர், மறுபடி மூச்சு.

இன்னொரு விதியும் வைத்திருந்தான். அவனைத் தவிர யாரும் அதை மாட்டக் கூடாது.

3

தொடர்கதைக்காரர்களுக்கும் ஒரு விதி உண்டு. அத்தியாயத்தின் கடைசி வரியில் யாராவது கதவைத் தட்ட வேண்டும். யார் என்று எழுதுபவனுக்கே தெரியாது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் கலியமூர்த்தியின் கதவை நிஜமாகவே தட்டினார்கள்.

2004 டிசம்பர் கடைசி வாரம். கடல் உள்ளே வந்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தது. (அதை நான் வர்ணிக்கப்போவதில்லை. அந்தக் கரையில் எந்தக் குப்பத்துக்கும் என் வர்ணனை தேவைப்படவில்லை.)

கதவைத் திறந்தான். வெள்ளைப் புடவை முழங்கால் வரை சேறாக ஒரு நர்ஸ் நின்றாள். மேரிசெல்வி.

"ஆக்சிஜன் மாஸ்க்கு வெச்சிருக்கற மெக்கானிக்கு நீங்கதான?"

"ஆமாங்க சிஸ்டர்."

"செவுரு நெறைய இருக்குதாமே. எல்லாத்தையும் எடுங்க. கேம்ப்புல மூச்சு வாங்கிகினு கெடக்குதுங்க சனங்க. சீக்கிரம்!"

அவன் ஒதுங்கி வழிவிட்டான். அவள் உள்ளே வந்தாள். சுவரைப் பார்த்தாள்.

"என்னா இது?"

"ஏரோப்ளேன் மாஸ்க்குங்க."

"இதுல காத்து வருமா?"

"ஏரோப்ளேன் இருந்தா வருங்க."

அவள் கவிழ்த்துப் போட்டிருந்த டின் மீது அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. பிறகுதான் அது சிரிப்பு இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது.

சுவர் முழுக்க மூச்சுக்கென்றே செய்த சாமான். ஒரு மூச்சுகூட எடுத்துக் கொடுக்க முடியவில்லை. கலியமூர்த்தி தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கேம்ப்புல ஜெனரேட்டர் இருக்குதுங்களா?"

"இருக்குது. ஓடல."

"அத நான் பாக்கறேங்க."

ஸ்பானர் பையை எடுத்துக்கொண்டு கூடப் போனான். ஓட வைத்தான். மறுபடி நின்றுவிடக் கூடாதே என்று முகாம் முடியும் வரை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அவள் உள்ளே வரிசையாக மார்புகளில் குழலை வைத்துக் கேட்டுக்கொண்டே போவதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தான்.

4

அதற்குப் பிறகும் அவள் வந்தாள். ட்யூட்டி முடிந்து குவார்ட்டர்ஸுக்குப் போகும் வழியில், அதே டின் மீது கொஞ்ச நேரம்.

பழக்கத்தில் என் பேனா இங்கே ஒரு வரி எழுதியது: 'அவள் வருகைக்குப் பின்னால் ஒரு ரகசியம்—' அடித்துவிட்டேன். நாற்பத்து மூன்று வயது. புருஷன் லாரி விபத்தில் போய் வருஷக்கணக்காகிறது. ரகசியத்துக்கெல்லாம் அவளுக்கு நேரம் கிடையாது.

ஆனாலும் சந்தேகம் விடவில்லை. நாள் முழுக்க நோயாளிகளைப் பார்த்தவள் வீட்டுக்குப் போய்ப் படுக்காமல் டீசல் நாற்றத்தில் ஏன் உட்கார வேண்டும்? இவளை வாசகர் நம்புவாரா? கலியமூர்த்தியிடம் கேட்டேன். அவரும் அதே கேள்வியை அவளிடம் கேட்டிருந்தாராம்.

"ஆஸ்பத்திரில எல்லாரும் எங்கிட்ட மூச்சு வுட முடியலன்றாங்க" என்றிருக்கிறாள். "இங்க இத்தினி மூஞ்சி தொங்குது. ஒண்ணாவது வாயத் தொறந்து எதுனா கேக்குதா?"

நம்பிவிட்டேன்.

ஒரு நாள் வெள்ளைக்காரருடைய அப்பாவின் மாஸ்க்கை எடுத்து முகத்துக்கு அருகே கொண்டுபோனாள்.

"போடாதீங்க சிஸ்டர். அதுல கடைசியா போட்டவங்க மூச்சு இருக்குது."

"கடைசியா போட்டது நீங்கதான?"

அவள் மாஸ்க்கை ஆணியில் திரும்ப மாட்டினாள். மெதுவாக, குழந்தையின் தலைக்கு அடியில் துணி விரிப்பது போல.

5

2005 செப்டம்பரில் அவளுக்கு மாற்றல் வந்தது. கள்ளக்குறிச்சிப் பக்கம்.

"ஏம்பா, சிஸ்டரு போவுதாமே" என்றார் சக்கரபாணி. பம்பு ரிப்பேருக்கு வந்தவர், பம்பை விட்டுவிட்டார். "சொல்லிட்டியா?"

"என்னாத்த?"

"டேய், ஊரே பாத்துகினு இருக்குது. என்னாத்தன்றான்!"

"வாயத் தொறந்தா சிஸ்டர்னுதாண்ணே வருது."

"சிஸ்டரு சிஸ்டருன்னு கூப்ட்டுகினு எப்படிடா தாலி கட்டுவ?"

"அவங்க கோயில்ல மோதிரமும் மாத்தணும்ணே."

சக்கரபாணி இடுப்பில் கை வைத்தார். "அது வரைக்கும் யோசிச்சி வெச்சிருக்கியா நீ?"

யோசித்து வைத்திருந்தான். ஒரே ஒரு சொல். 'போவாதீங்க.' இது வெளியே வந்துவிட்டால் மிச்சத்தை அவளே பார்த்துக்கொள்வாள் என்று அவன் நம்பினான். ஆனால் அவள் முகத்துக்கு நேரே நின்றால் அவனுக்கு வால்வைப் பற்றித்தான் பேச வந்தது.

(வேறு வழி இல்லையா என்று நானும் பார்த்தேன். சக்கரபாணியைத் தூது அனுப்பலாம். ஆனால் ஊருக்கே கேட்டுவிடும்.)

கலியமூர்த்தி தானே வழி கண்டுபிடித்தான். மைக் வைத்த மாஸ்க், தோல் தொப்பி, நடுவில் கறுப்பு வயர், இரண்டு டார்ச் பேட்டரிக் கட்டை. பழைய டெலிபோன் மாதிரிதான். மைக்குக்குள் கரித்தூள் இருக்கும். நாளாக நாளாக இறுகிப்போகும். நகத்தால் இரண்டு தட்டுத் தட்டினால் தூள் இளகி, பேச்சு கேட்கும்.*

அவன் திட்டம் இதுதான்: முகத்தை மூடிக்கொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு, சொல்லிவிடுவது.

* தட்டினால்தான் பேசும். நான் இதை அவரிடம் இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

6

ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் அவளுக்கு பஸ். பூசை முடிந்து விடைபெற வந்தாள்.

"ஒண்ணு காட்டணும் சிஸ்டர். இத மாட்டிகினு இப்படி உக்காருங்க."

"பூவு நசுங்குது."

"கொஞ்ச நேரந்தாங்க."

தோல் தொப்பிக்குள் அவள் முகம் சின்னதாகிவிட்டது. அவன் வயரை விட்டுக்கொண்டே போய்ப் பெரிய எஞ்சினுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்றான். மாஸ்க்கை மாட்டினான். நகத்தால் தட்டினான். டொக், டொக்.

"கேக்குதா சிஸ்டர்?"

அவள் தலையாட்டினாள். முதுகைக் காட்டி நின்றவனுக்கு அது தெரியவில்லை.

சொல்லத்தான் மூச்சை இழுத்தான். 'போ' நாக்கு வரை வந்தது. மூச்சை விட்டான். மறுபடி இழுத்தான்.

அவள் காதில் பேச்சு இல்லை. மூச்சு மட்டும்தான். உள்ளே. டப். வெளியே. மடியில் தலை வைத்துப் படுத்தவன் மூச்சு போல அவ்வளவு பக்கத்தில். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எதற்காக அவன் இதையெல்லாம் மாட்டியிருக்கிறான் என்று அவளுக்குத் தெரியாதா என்ன.

அப்போது அதைக் கேட்டாள். ஒவ்வொரு மூச்சின் கடைசியிலும் ஒரு மெல்லிய விசில். எங்கோ யாரோ சீட்டி அடிப்பது போல.

வயரின் சத்தமா? தொப்பியை விலக்கிப் பார்த்தாள். மறுபடி வைத்தாள். இல்லை. முகாமில் எத்தனை மார்புகளில் கேட்ட சத்தம் அது.

எழுந்து போய் அவனைத் திருப்பினாள். மாஸ்க்கைக் கழற்றினாள். மூக்கிலும் வாயிலும் திருநீறு அப்பியது போல வெள்ளை.

"இது என்னா?"

"டியூப்புக்குப் போட்ற பவுடருங்க. ரப்பரு ஒட்டாம இருக்க."

"இத போட்டுட்டு உள்ளாற மூச்சு இழுப்பீங்களா?"

"இழுத்துப் பாக்காம எப்படிங்க செவுத்துல ஏத்தறது?"

"எத்தினி வருசமா?"

"மொத மாஸ்க்குலேர்ந்து."

"மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதா?"

"நம்ம ஊர்ல மாடி ஏதுங்க?"

"வெளையாடாதீங்க. பம்பு தூக்கினா?"

"கொஞ்சம் வாங்கும்."

"யார்கிட்டனா சொன்னீங்களா?"

"யார்கிட்டங்க சொல்றது?"

அவள் மாஸ்க்கின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"நாளைக்குக் காலைல டாக்டர பாக்கறீங்க. இத இனிமே மூஞ்சில வெக்கக் கூடாது. புரியுதா?"

"சரிங்க."

"என்னா சொல்றதுக்கு என்ன அங்க உக்கார வெச்சீங்க? இத கேக்க வெக்கவா?"

"இல்லீங்க. வேற ஒண்ணு."

"சொல்லுங்க."

கலியமூர்த்தி அவள் கையிலிருந்த மாஸ்க்கைப் பார்த்தான்.

"அது இல்லாம வர மாட்டேங்குதுங்க."

கேட்க வேண்டியவளே சொல்லும் கருவியைப் பிடுங்கிக்கொண்டாள். பதினெட்டு வாரம் இழுக்கும் தொடரில்கூட நான் ஒரு கதாநாயகனை இப்படி முட்டுச் சந்தில் நிறுத்தியதில்லை.

மேரிசெல்வி ஈரத் துணியை எடுத்தாள். மாஸ்க்கின் உள்பக்கத்தை ஓரம், மூலை, வால்வு மடிப்பு என்று பவுடர் போகும் வரை துடைத்தாள். காய்ந்த துணியால் இன்னொரு தரம். பிறகு தொப்பியைத் தலையிலிருந்து கழற்றி அவன் கையில் வைத்தாள்.

"நீங்க போயி அங்க உக்காருங்க."

"சிஸ்டர், அத வேற யாரும்..."

"போயி உக்காருங்கன்றேன்."

போய் உட்கார்ந்தான். தொப்பியை மாட்டினான். உள்ளே அவள் தலையின் சூடும் மல்லிகை வாசனையும் இருந்தன. எஞ்சினுக்குப் பின்னால் அவள் மாஸ்க்கை மாட்டிக்கொண்டாள். அவன் மூச்சிருந்த இடத்தில்.

7

கதை கேட்டுக்கொண்டே நான் மனசுக்குள் முடிவு தயாரித்துக்கொண்டிருந்தேன். தொழில் அப்படி.

முடிவு ஒன்று. அவள் 'வர்றேன்' என்று மட்டும் சொல்கிறாள். மறுநாள் பஸ் புழுதியில் மறைகிறது. (பஸ் இரவல். எத்தனையோ கதைகளில் ஓடித் தேய்ந்தது. வேண்டாம்.)

முடிவு இரண்டு. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து முகம் மாறி— (இல்லை. இந்தக் கதையில் பைலட்டுகளே சாகவில்லை. எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்ன வேண்டும்.)

முடிவு மூன்று. மாதா கோயில். மாலையோடு சக்கரபாணி ஓடி வருகிறார். (ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் சொல்லாததை நான் எப்படி—)

"அப்புறம்?" என்று கேட்டேன்.

கலியமூர்த்தி பிளக்கை மாட்டி முறுக்கிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தார்.

அப்போது, ஆணியில் தொங்கிய தோல் தொப்பிக்குள்ளிருந்து, சுண்டெலி கொறிப்பது போல ஒரு சத்தம்.

டொக், டொக்.

அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். தொப்பியை எடுத்து ஒரு காதில் வைத்துக்கொண்டு கேட்டார். என்ன கேட்டாரோ, முகம் முழுக்கச் சிரிப்பு. ஜன்னல் பக்கம் திரும்பி, "தோ வர்றேன்!" என்று குரல் கொடுத்தார். குரலில் விசில் இல்லை.

"வண்டி ரெடிங்க சார். ஒதைச்சிப் பாருங்க. கொஞ்சம் இருங்க, வந்துட்றேன்."

போய்விட்டார். நான் காத்திருந்தேன். வெகு நேரம் வரவில்லை. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்திருக்கலாம். வயரைப் பிடித்துக்கொண்டே பதினோராவது மாஸ்க் வரைக்கும் போயிருக்கலாம். துப்பறியும் கதை எழுதுகிறவன்தானே. போகவில்லை.

ஆகையால், அந்த ஞாயிற்றுக்கிழமை எஞ்சினுக்குப் பின்னாலிருந்து மேரிசெல்வி என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அவள் நகத்தால் மைக்கை இரண்டு தரம் தட்டினாள். தொப்பிக்குள் அவனுக்கு அது கதவைத் தட்டுவது போலக் கேட்டது. பிறகு வந்தது ஒரு சொல்.

அந்தச் சொல்லை நீங்கள் சொல்லுங்கள். நான் எழுதினால் அச்சுப் போல இருக்கும். உங்கள் வாயிலிருந்து வந்தால் பொருந்தும். அவசரம் வேண்டாம். சொல்வதற்கு முன் ஒரு மூச்சு இழுத்துக்கொள்ளுங்கள்.

அவளும் இழுத்தாள்.